கிழிந்த இணைநாரை ஊசி ஒட்டவைக்குமா?

முழங்காலை நிலைகுலையாமல் பிடித்து வைத்திருப்பவை நான்கு இணைநார்கள். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் முன் சிலுவை இணைநார், பின் சிலுவை இணைநார் என இரண்டு. முன் சிலுவை இணைநாரின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர், அகலம் 1 சென்டிமீட்டர். இவ்வளவு சிறிய நார்க்கற்றை, இளவயதினரிடம் அறுவதற்கு முன் சுமார் 2,160 நியூட்டன் இழுவையை, அதாவது 200 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்குகிறது. ஊர்ப்பேச்சில் ‘சவ்வு கிழிந்துவிட்டது’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் கிழிவு. மூட்டுக்குள் மெத்தையாக இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிந்தாலும் மக்கள் அதே பெயரைத்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால், எது கிழிந்தது என்பதை எம்ஆர்ஐ அறிக்கையிலிருந்து முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாரிஸின் லா சப்பலைச் சுற்றியும் எபினே-சூர்-செய்ன், சன்-துனி, லா கூர்நெவ் போன்ற வட புறநகர்களிலும் வாழும் ஈழத் தமிழரிடையே இந்தக் காயத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று விளையாட்டு. வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு, உடலைச் சூடாக்கிக்கொள்ளாமலே ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்டத்திலோ கரப்பந்தாட்டத்திலோ இறங்குபவர், ஓட்டத்தை நிறுத்திச் சட்டெனத் திரும்புகிறார். பாதம் நிலத்தில் ஊன்றி நிற்க, தொடை மட்டும் திரும்புகிறது. ‘டக்’ என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம். எதிராளி யாரும் மோதாமலே முன் சிலுவை இணைநார் கிழிவது இப்படித்தான். மற்றது வேலைத்தளம். உணவகச் சமையலறையின் ஈரத்தரையில் கையில் பாத்திரத்தோடு வழுக்கும்போது கால் உட்பக்கமாக மடிந்தால் உட்பக்க இணைநார் கிழியும்.

இந்த இரண்டு கிழிவுகளும் ஆறும் விதத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ஊசிகளைப் பற்றிய விவாதம் முழுவதும் அந்த வேறுபாட்டைச் சுற்றியே நிற்கிறது. உட்பக்க இணைநார் மூட்டின் உறைக்கு வெளியே, இரத்த ஓட்டம் நிறைந்த திசுக்களுக்கு நடுவில் இருக்கிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டியே சாரமாக நிற்க, அதனுள் உயிரணுக்கள் புகுந்து புதிய கொலாஜன் இழைகளை நெய்கின்றன. தனியாகக் கிழிந்த உட்பக்க இணைநார்களில் பெரும்பாலானவை கீல் வைத்த பட்டையும் படிப்படியான பயிற்சியும் இருந்தாலே சில வாரங்களில் ஆறிவிடுகின்றன. முன் சிலுவை இணைநாருக்கு அந்த வசதி இல்லை. அது மூட்டுத் திரவத்தில் தோய்ந்து கிடக்கிறது. பாஸ்டன் சிறுவர் மருத்துவமனையின் மார்த்தா மரே பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியது இது: காயத்துக்குப் பிறகு அந்தத் திரவத்தில் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் நொதிகள் கூடுவதால், இரு முனைகளுக்கும் இடையே கட்டி நிலைக்காமல் கரைந்துபோகிறது. சாரம் இல்லாததால் முனைகள் விளக்குமாற்றின் நுனிபோலச் சிதறித் தனித்தனியே சுருங்குகின்றன.

ஆகவே எந்த ஊசியைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எந்த மருந்து என்பதல்ல. விலகிப்போன இரண்டு முனைகளுக்கு இடையே அது எதை நிரப்பும், நிரப்பியதை எது அங்கே பிடித்து வைக்கும் என்பதுதான். புத்தாக்க ஊசிகள் என்ற பொதுப்பெயரில் வழங்கும் மூன்று வகைகளையும் இந்தக் கேள்வியோடு பார்ப்பது பயன் தரும்.

முதல் வகை மிகப் பழையது: குளுக்கோஸ் கரைசலை ஊசியாகச் செலுத்தும் புரோலோதெரபி. 1937இல் அமெரிக்க ஆஸ்டியோபதி மருத்துவர் ஏர்ல் கெட்னி, தளர்ந்த மூட்டுகளில் எரிச்சலூட்டும் கரைசல்களைச் செலுத்துவதுபற்றி எழுதினார். ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரச் சத்திரசிகிச்சை மருத்துவர் ஜார்ஜ் ஹாக்கெட் 1956இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பெயரும் முறையும் கொடுத்தார். தளர்ந்த இணைநார் எலும்போடு சேரும் இடத்தில், இப்போது வழக்கமாக 12.5 முதல் 25 விழுக்காடு வரை செறிவுள்ள டெக்ஸ்ட்ரோஸ் செலுத்தப்படுகிறது. செறிவு மிக்க சர்க்கரை அங்குள்ள உயிரணுக்களிலிருந்து நீரை உறிஞ்சி, சிறிய அழற்சியை உண்டாக்கி, உடலின் ஆற்றும் வேலையை மீண்டும் தொடங்கிவைக்கும் என்பது கருத்து. மலிவானது, பெரிய ஆபத்தும் இல்லாதது. முழங்கால் தேய்வு நோய்க்கு இதற்குக் கொஞ்சம் ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் டேவிட் ரபாகோ குழுவினர் 90 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், உப்புநீர் ஊசி பெற்றவர்களையும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களையும்விட டெக்ஸ்ட்ரோஸ் பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் நன்றாக இருந்தார்கள். ஆனால் தளர்ந்த முன் சிலுவை இணைநாரைப் பற்றி இந்த முறையின் ஆதரவாளர்கள் அடிக்கடி காட்டும் 2003ஆம் ஆண்டின் ரீவ்ஸ், ஹசனைன் ஆய்வு இருபதுக்கும் குறைவானவர்களைக் கொண்டது, ஒப்பிட வேறு குழுவும் இல்லாதது. கிழிந்த நார் ஒட்டியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பிரான்சில் இதைவிட அதிகம் கேள்விப்படுவது மெசோதெரபி. எபினேக்கு வடமேற்கே வால்-துவாஸ் மாவட்டத்திலுள்ள பிரே-ஏ-லூ என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த மிஷேல் பிஸ்தோர் 1952இல் தொடங்கிய முறை இது. வலிக்கும் இடத்தின் மேல்தோலில் நுண்ணிய அளவில் மருந்து குத்தப்படுகிறது. சுளுக்கு வலிக்கு இதைச் செய்யும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். வலி குறையலாம். ஆனால் இது இணைநாரைப் புதுப்பிக்கும் சிகிச்சை அல்ல, அப்படி நினைத்துப் போகவும் கூடாது.

இரண்டாம் வகை, இன்று எல்லோரும் கேட்கும் பிஆர்பி, அதாவது இரத்தத்தட்டுகள் செறிந்த பிளாஸ்மா. நோயாளியின் கையிலிருந்து பொதுவாக 15 முதல் 60 மில்லிலிட்டர் வரை இரத்தம் எடுக்கிறார்கள். உறையாமல் இருக்கச் சிட்ரேட் கலந்த குழாயில் அதை ஊற்றி, சுழற்றியில் சில நிமிடம் சுழற்றுகிறார்கள். குழாயை வெளியே எடுத்தால் இரத்தம் பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள், அவற்றின் மேல் மெல்லிய வெண்படலம், அதற்கும் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. இரத்தத்தட்டுகள் அந்த வெண்படலத்தை ஒட்டித் திரள்கின்றன. அந்தப் பகுதியிலிருந்து 3 முதல் 6 மில்லிலிட்டரை உறிஞ்சி, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி ஊசி போடுகிறார்கள். எல்லாம் முடிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். நோயாளியின் இரத்தமே மருந்தாவதால் ஒவ்வாமை அரிது. வலி மட்டும் இரண்டு மூன்று நாள் கூடுதலாக இருக்கும்.

சாதாரண இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டுகள் இருக்கின்றன. தாடை எலும்புச் சிகிச்சையில் 1998இல் இதைப் பரவலாக்கிய ராபர்ட் மார்க்ஸ், பத்து லட்சம் தட்டுகள் இருந்தால்தான் பயன் என்றார். தட்டுகளுக்குள் இருக்கும் பைகளில் வளர்ச்சிக் காரணிகள் பல உள்ளன. அவை புதிய இரத்தக் குழாய்களையும் இழை நெய்யும் உயிரணுக்களையும் வரவழைக்கின்றன. ஆய்வகத்தில் இதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு மருத்துவமனையின் பிஆர்பியும் இன்னொன்றின் பிஆர்பியும் ஒன்றல்ல. தட்டுகளின் செறிவு, வெள்ளணுக்கள் இருக்கின்றனவா இல்லையா, எத்தனை ஊசி, எவ்வளவு இடைவெளி என்பவை எல்லாம் கருவிக்குக் கருவி மாறுகின்றன. ‘பிஆர்பி எனக்குக் கேட்டது’ என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பிப் போவதில் உள்ள சிக்கல் இதுதான்.

ஆதாரம் என்ன சொல்கிறது? உலக ஊக்கமருந்துத் தடை அமைப்பு 2010இல் தசைக்குள் பிஆர்பி செலுத்துவதைத் தடை செய்து, திறனைக் கூட்டுவதற்குச் சான்று இல்லை என்று 2011இல் தடையை நீக்கியது. அதே 2010இல் நெதர்லாந்தில் 54 பேரின் குதிநாண் வலிக்குச் செய்த ஆய்வில் பிஆர்பிக்கும் உப்புநீருக்கும் வேறுபாடு தெரியவில்லை. முழங்கால் தேய்வுக்கு நிலைமை கலந்திருக்கிறது. சிறு ஆய்வுகள் பல சாதகமாக வந்தன. பிரெஞ்சு மொழி பேசும் நாடுகளின் நிபுணர் குழு ஒன்று 2020இல் வெளியிட்ட ஒருமித்த கருத்தும், மற்ற சிகிச்சைகள் பலன் தராத லேசான, நடுத்தரத் தேய்வுக்கு இதை ஏற்றது. ஆனால் ஆஸ்திரேலியாவில் கிம் பென்னெல் தலைமையில் 288 பேரிடம் வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி போட்டு நடத்திய ஆய்வு 2021 நவம்பரில் வெளிவந்தபோது, ஓராண்டின் முடிவில் உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிட வலியும் குறையவில்லை, குருத்தெலும்பின் தேய்வும் குறையவில்லை. உப்புநீர் பெற்றவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊசி போட்டால் குணமாகும் என்ற நம்பிக்கை, காலப்போக்கில் தானாக வரும் ஆறுதல் ஆகியவற்றின் பங்கு அவ்வளவு பெரியது.

இவை பெரும்பாலும் தேய்வு நோயைப் பற்றிய ஆய்வுகள். இணைநார்க் கிழிவுக்கு பிஆர்பி விற்கப்படும்போது காட்டப்படும் சான்று பெரும்பாலும் இங்கிருந்துதான் கடன் வாங்கப்படுகிறது. இது நேர்மையானதல்ல. இணைநாருக்கென்றே உள்ளது மிகக் கொஞ்சம். முன் சிலுவை இணைநாரை மாற்றியமைக்கும் சத்திரசிகிச்சையோடு பிஆர்பியைச் சேர்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, மூட்டின் உறுதி கூடியதாகத் தெளிவான சான்று இல்லை. முயல்களின் உட்பக்க இணைநாரில் ராபர்ட் லாப்ராட் குழுவினர் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், இருமடங்குச் செறிவுள்ள பிஆர்பி ஆறுதலைக் கூட்டவில்லை, நான்கு மடங்குச் செறிவு ஆறிய நாரின் வலுவைக் குறைத்தது. அதிகம் செலுத்தினால் அதிகம் நல்லது என்ற எண்ணத்துக்கு இது நேரடி மறுப்பு. மனிதரின் உட்பக்க இணைநார் தானே ஆறும் இயல்புடையது என்பதால், ஊசிக்குப் பிறகு ஆறினால் ஆற்றியது ஊசியா, காலமா என்பதை ஒப்பீட்டுக் குழு இல்லாமல் சொல்ல வழியில்லை.

மூன்றாம் வகை உயிரணு ஊசிகள். இதில் பாரிஸ் பகுதிக்குத் தனி வரலாறு உண்டு. கிரெத்தேய் நகரின் ஆன்றி மோந்தோர் மருத்துவமனையில் பிலிப் எர்னிகு, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பு மச்சையைச் செறிவாக்கி ஊசியாகப் போடும் முறையைப் பல ஆண்டுகள் வளர்த்தார். ஒட்டாமல் நின்றுபோன கீழ்க்கால் எலும்பு முறிவுள்ள 60 பேருக்கு அப்படிப் போட்டதில் 53 பேருக்கு எலும்பு கூடியது, கூடாதவர்களுக்குக் கிடைத்த மூல உயிரணுக்களின் எண்ணிக்கை குறைவு என்று 2005இல் எழுதினார். தோள்பட்டைத் தசைநாண் கிழிந்தவர்களுக்குத் தையலோடு மச்சையையும் சேர்த்தபோது, பத்தாண்டுக்குப் பிறகு 87 விழுக்காட்டினரின் நாண் கிழியாமல் இருந்தது, சேர்க்காதவர்களில் அது 44 விழுக்காடு என்று 2014இல் அறிவித்தார். இந்தத் துறையில் மதிக்கத்தக்க வேலை இது. ஆனால் அதில் நாண் முதலில் தைத்து எலும்போடு சேர்க்கப்பட்டது. மச்சை துணையாகத்தான் போனது. முனைகள் விலகிக் கிடக்க, ஊசி மட்டும் போட்ட கதை அல்ல.

ஊசி மட்டும் என்ற கதையை அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் சென்டெனோ குழுவினர் முன்வைக்கிறார்கள். முன் சிலுவை இணைநாரின் கிழிவுக்குள்ளேயே, எக்ஸ்ரே வழிகாட்டலில் மச்சைச் செறிவைச் செலுத்துகிறார்கள். எம்ஆர்ஐ படத்தில் நாரின் தோற்றம் மேம்பட்டதாக 2015இல் பத்துப் பேரைக் கொண்டு எழுதினார்கள். அதிகம் விலகாத கிழிவுகளே இவை. சிகிச்சையை விற்பவர்களே ஆய்வையும் செய்வதால், வெளியார் பெரிய அளவில் செய்து காட்டும்வரை காத்திருப்பதுதான் முறை. தேய்வு நோய்க்கு அத்தகைய பெரிய ஆய்வு வந்துவிட்டது. 475 பேரைக் கொண்டு கென் மாட்னர் குழு 2023இல் வெளியிட்டதில், எலும்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்று மூலங்களின் உயிரணுக்களும் ஓராண்டு முடிவில் சாதாரண ஸ்டீராய்டு ஊசியைவிட மேலாக இல்லை. செலுத்தும் உயிரணுக்கள் புதிய திசுவாக மாறுவதில்லை, சில காலம் சமிக்ஞைகளை வெளியிட்டுவிட்டு மறைகின்றன என்பதே இப்போதைய பெரும்பான்மைப் புரிதல். இந்தியாவில் பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய மச்சை உயிரணு மருந்துக்கு 2022இல் அனுமதி கிடைத்தது. அதுவும் முழங்கால் தேய்வுக்கே, இணைநார்க் கிழிவுக்கு அல்ல.

ஊசி இல்லாமலே என்ன கிடைக்கிறது என்பதைத் தெரியாமல் ஊசியை எடைபோட முடியாது. ஸ்வீடனில் முன் சிலுவை இணைநார் கிழிந்த 121 இளம் விளையாட்டாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ரிச்சர்ட் ஃப்ரோபெல் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு குழுவுக்கு உடனே சத்திரசிகிச்சை, மற்றதற்குப் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு சத்திரசிகிச்சை. இரண்டாண்டில் இரு குழுவின் நிலையும் ஒன்றாகவே இருந்தது. இரண்டாம் குழுவில் ஐந்தாண்டு ஆகியும் ஏறத்தாழப் பாதிப்பேர் கத்தியைத் தொடவில்லை. அதே தரவுகளை 2022இல் மீண்டும் பார்த்தபோது, பயிற்சி மட்டும் செய்தவர்களில் 53 விழுக்காட்டினரின் எம்ஆர்ஐயில் முன் சிலுவை இணைநார் ஆறிய அடையாளம் தெரிந்தது. ஆறவே ஆறாது என்ற பழைய முடிவு அப்படியே உண்மையல்ல. இதே எண்ணத்தோடு ஆஸ்திரேலியாவில் ஒரு குழு, காயம்பட்ட நான்கு வாரத்துக்குள் வந்த 80 பேரின் முழங்காலை 90 பாகையில் மடக்கிப் பட்டையிட்டு நான்கு வாரம் வைத்தது. பிறகு படிப்படியாக நிமிர்த்தி, பன்னிரண்டாம் வாரத்தில் பட்டையைக் கழற்றியது. மூன்று மாதத்தில் 90 விழுக்காட்டினரிடம் நார் தொடர்ச்சியாகத் தெரிந்தது. 2023இல் வெளிவந்த இந்த ஆய்வுக்கும் ஒப்பீட்டுக் குழு இல்லை, இரத்தம் உறையும் ஆபத்துக்கு மருந்தும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் மடக்கும்போது முனைகள் நெருங்குகின்றன என்ற அதன் அடிப்படை, மேலே கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. மார்த்தா மரேயும் அதே கேள்விக்குத்தான் விடை தேடினார். மாட்டின் கொலாஜனால் செய்த பஞ்சு ஒன்றில் நோயாளியின் இரத்தத்தைத் தோய்த்து, தையலோடு இடைவெளியில் வைக்கும் அவரது முறைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 டிசம்பரில் அனுமதி தந்தது. இரத்தத்தை ஊசியால் விட்டால் கரைந்துபோகும், பஞ்சில் பிடித்து வைத்தால் நிற்கும்.

எல்லோருக்கும் பயிற்சி போதும் என்றும் சொல்ல முடியாது. காயம் பழசாகி, நடக்கும்போதே முழங்கால் நழுவுகிறது என்பவர்களை வைத்து பிரிட்டனில் 316 பேரிடம் நடத்திய ஆய்வில் சத்திரசிகிச்சையே மேலாக இருந்தது. அது வெளிவந்தது 2022இல். பிரான்சின் உயர் சுகாதார ஆணையம் 2008இல் தந்த வழிகாட்டலும் முழங்கால் நழுவுகிறதா என்பதையே முக்கிய அளவுகோலாகக் கொள்கிறது. அதை அறிய விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. நோயாளி மல்லாந்து படுக்க, முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கி, மருத்துவர் ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்து மறுகையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுக்கிறார். நல்ல காலில் இழுவை ஓர் எல்லையில் கெட்டியாக நிற்கும். கிழிந்த காலில் மெத்தென்று மேலும் வரும். பிலடெல்பியாவின் ஜான் லாக்மனின் பெயரால் 1976 முதல் வழங்கும் இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ஊசி போடச் சொல்பவர் இதைச் செய்துபார்க்கவே இல்லையென்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

பணம், சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். பிரான்சில் எம்ஆர்ஐ, சத்திரசிகிச்சை, கினே எனப்படும் இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றின் செலவை அசுரான்ஸ் மலாதி எனப்படும் அரசு மருத்துவக் காப்புறுதியும் துணைக் காப்புறுதியும் சேர்ந்து பெரும்பாலும் ஏற்கின்றன. வேலையில் விழுந்த காயம் வேலை விபத்தாகப் பதிவானால் இன்னும் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும், ஆகவே அன்றே முதலாளிக்குத் தெரிவிப்பது அவசியம். பிஆர்பிக்கு அசுரான்ஸ் மலாதி பணம் தராது. ஒவ்வொரு ஊசியும் சில நூறு யூரோ வரை கைப்பணம். ஆய்வகத்தில் பெருக்கிய உயிரணுக்கள் 2007ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குமுறையின்படி மருந்தாகவே கருதப்படுவதால், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அவற்றை விற்க முடியாது. அதனால்தான் விடுமுறைக்குச் சென்னைக்குப் போகும்போது ‘ஸ்டெம் செல்’ போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுகிறது. இந்தியாவிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல், அங்கீகரிக்கப்படாத நோய்களுக்கு ஆய்வுக்கு வெளியே மூல உயிரணுக்களைப் பயன்படுத்துவதை ஏற்கவில்லை. ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்காகப் பணம் வாங்கவும் கூடாது. பணம் கேட்டுக்கொண்டே ‘ஆய்வு’ என்று சொல்லும் இடத்தில் இரண்டில் ஒன்று பொய்.

ஆபத்து குறைவு என்பது சொந்த இரத்தத்துக்கும் சர்க்கரைக் கரைசலுக்கும் பொருந்தும். அங்கும் மூட்டுக்குள் கிருமித்தொற்று அரிதாக வரலாம். தட்டுகள் குறைந்தவர், இரத்தப் புற்றுநோய் உள்ளவர் ஆகியோருக்கு பிஆர்பி கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறருடைய தொப்புள்கொடியிலிருந்து எடுத்தவை வேறு கதை: 2018இல் அமெரிக்காவில் அத்தகைய ஊசி போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியாத் தொற்றோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். புதுப்பிக்கும் ஊசி என்ற பெயரில் ஸ்டீராய்டு போடப்பட்டால் அது நேர் எதிர் விளைவு, ஸ்டீராய்டு இணைநாரின் கொலாஜனை வலுவிழக்கச் செய்யும். குழாயில் இருப்பது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

இன்றைய ஆதாரத்தை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவு. லேசான உட்பக்க இணைநார்க் கிழிவு ஊசி இல்லாமலே ஆறும். முற்றாக அறுந்து விலகிய முன் சிலுவை இணைநாரை எந்த ஊசியும் ஒட்டவைத்ததாக நம்பத்தக்க ஒப்பீட்டு ஆய்வு இல்லை. இரண்டுக்கும் நடுவே, பகுதியாகக் கிழிந்து மாதக்கணக்கில் வலி தீராதவர்கள் சிலருக்கு பிஆர்பியைச் சோதனையாகச் செய்துபார்க்கலாம், அது சோதனை என்று தெரிந்தே. எபினேயிலோ லா சப்பலிலோ முழங்கால் வீங்கிய ஒருவர் முதலில் தம் குடும்ப மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டட்டும். எம்ஆர்ஐயும் கால் நழுவும் சோதனையும் முடிந்தபின், குறைந்தது மூன்று மாதம் கினேயிடம் ஒரு தவணையும் விடாமல் போகட்டும். ஊசிக்கான பணத்தை அதற்கு முன் செலவழிக்க வேண்டாம்.